ஒம்போது அங்குலம்

சங்க ஆபீசுக்குக் குறுக்கே ஒரு சுவர் வேணும் என்றார்கள்.
அறுபத்து நாலு, ஐப்பசி. சிங்காநல்லூர்.
குளத்து மண் அரைவண்டி இறக்கிவிட்டு
நூல் பிடிக்கப் போனேன்.

அக்கட்டால ராக்கியண்ணன், இக்கட்டால சென்னியப்பன்.
மச்சானும் மாப்பிள்ளையும்.
ஒரே கேசில், ஒரே விலங்கில்
கோயமுத்தூர் ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள்.
இப்போது ஒருத்தர் வாயில் மாஸ்கோ,
ஒருத்தர் வாயில் பீக்கிங்.
நூலை இழுத்துக் கட்டிவிட்டு
ஒரு சொம்பு தண்ணி குடித்து வருவதற்குள்
ரெண்டு விரக்கடை நகர்ந்திருக்கும்
காலையில் கிழக்கே
பொழுதோட மேற்கே.

உலகப்படம் மாட்டியிருந்த ஆணி
நேராக நூலுக்கு மேலேயே இருந்தது.
படத்தைக் கழற்றினார்கள். எந்தப் பக்கம் மாட்டுவது?
தீராத பேச்சு.
மழைச்சாரல் அடித்தது, நான் எடுத்து
குழைத்த மண்ணுக்கு மேலே மூடி வைத்தேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சிமெண்டுக்குப் பர்மிட் இல்லை. கல்லுக்குக் காசு இல்லை.
மில் முதலாளியின் கார் வாசலில் நின்றது.
கண்ணாடியை இறக்கி, "என்ன வேலைங்க?" என்றார்.
சொன்னேன்.
மறுநாள் விடியுமுன்னே
மில் லாரியில் எண்ணூறு கல் வந்து இறங்கியது.
யார் கொடுத்தது என்று
அக்கட்டாலயும் கேட்கவில்லை
இக்கட்டாலயும் கேட்கவில்லை.

குழாய் அங்கே போயிற்று, மீட்டர் இங்கே.
பீரோ அங்கே, பீரோச் சாவி
இவர் இடுப்பில்.

நாலாம் நாள், சுவர் நெஞ்சு உயரம்,
சைடிங்கில் வேலை செய்யும் மயிலாத்தாள் வந்தாள்.
வலது கையில் சுண்டுவிரல் இல்லை
மெசின் தின்றது ஆடியில்.
நஷ்டஈட்டுக் காகிதம் அந்தப் பீரோவுக்குள்.
"நீங்க எந்தக் கட்சிங்க?" என்று அங்கே கேட்டார்கள்.
இங்கே வந்தாள். இங்கேயும் கேட்டார்கள்.
அவள் சொன்னாள்,
"நானு ரெண்டாவது சிப்டுங்க."

அப்புறம் என் பக்கம் திரும்பி
"இது எவ்வளவு கனமுங்க?" என்றாள்.
ஒரு கல் கனம், ஒம்போது அங்குலம்.
"அதுக்கு எனக்குத் தெரியாதுங்களே."
ஒரு சாண், அம்மா.

ஈரம் காயாத மேல்வரிசையில்
கையை விரித்து வைத்தாள்.
பெருவிரல் இந்த விளிம்பில்.
அந்த விளிம்பு வரைக்கும் நீட்டிப் பார்த்தாள்
இன்னும் கொஞ்சம் நீட்டினாள்
மண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்,
"எட்டலைங்க."