ஈரக் கழிவு

நான்காம் நாள் டியூபை எடுக்கச் சொன்னார் டாக்டர்.
பலூன் தண்ணீரை சிரிஞ்சில் உறிஞ்சி
மெல்ல எடுத்தேன்.
பூங்காவனம், வயது எழுபத்தொன்று.
வலப்பக்கம் போய்விட்டது,
பேச்சும் போய்விட்டது.
மிச்சம் ஒரே சொல்:
கிலோ.

பசித்தால் கிலோ.
மகன் வந்தால் கிலோ.
கோத்தகிரிப் பனி ஜன்னல் இடுக்கில் நுழைந்தால்
கம்பளியை இடக்கையால் இழுத்தபடி
கிலோ, கிலோ.

சார்ட்டில் இரண்டு மணிக்கொரு கட்டம் போட்டேன்.
கேட்டாலும் கேட்காவிட்டாலும்
எழுப்பி உட்காரவைக்க வேண்டும்.
கமோடு நாற்காலியின் விளிம்பில்
வெந்நீரில் பிழிந்த துணியை ஓட்டி
என் முழங்கை வைத்துப் பார்ப்பேன்.
ஜனவரியில் அது கடிக்கும்.

வராது.
குழாயைத் திறந்துவிடுவேன்.
வாளியில் விழும் சத்தத்தில்
பக்கத்துக் கட்டில் அல்லிராணிக்கு வந்துவிடும்,
இவளுக்கு வராது.
அடிவயிற்றில் கை வைத்தால்
இளநீர்க்காய் போலத் திரண்டு நிற்கும்.
படுக்கவைத்து அரைமணி ஆனதும்
விரிப்பில் பரவும்.

கேரட் லோடு இறக்கிவிட்டு வந்த மகன் விஜயபாலன்
"டியூபையே திரும்பப் போட்டுடுங்க சிஸ்டர்,
வீட்டுல யாரு பாக்குறது?" என்றான்.
பிளாஸ்க்கைக் கட்டிலுக்கடியில் ஒளித்திருந்தான்.
தண்ணீர் கொடுக்காவிட்டால் நனைக்காதாம்.
சாயங்காலம் ஜக்கில் வந்ததோ
கடுந்தேநீர் நிறம், நெடி வேறு.
நான் திட்டவில்லை.
ஜக்கைக் காட்டினேன்,
பிளாஸ்க்கை மேலே எடுத்துவைத்தேன்.

மருமகள்தான் சொன்னாள்.
"ஏழரைக்கு மலை ஏறுனா
சாயந்தரம் நிறுவை முடிஞ்சாத்தான் எறக்கம்.
மேஸ்திரி மேல நிக்கிறப்ப
செடிக்கு நடுவுல எங்க உட்கார?
அட்டை வேற.
தண்ணியே குடிக்காமப் போவாங்க அத்தை."
நாற்பது வருடம்.
நிறுவையில் ஈரத்துக்கென்று
இரண்டு கிலோ கழிப்பார்களாம்,
மழை நாளில் மூன்று.

ஆறாம் இரவு
மூன்றாம் கட்டில்காரருக்கு மூச்சு வாங்கியது.
இரண்டு மணிக் கட்டத்துக்கு
இரண்டு நாற்பதுக்குத்தான் போனேன்.
விரிப்பு ஏற்கெனவே குளிர்ந்திருந்தது.
நனைந்த ஓரத்தை இடக்கையால் மடித்து மடித்து
இடுப்புக்கடியில் செருகியிருந்தாள்
நான் பார்த்துவிடாதபடி.
முன்னிருந்து பின்னாகத் துடைத்து
ஒற்றி உலர்த்தி
சிவந்த இடத்தில் களிம்பு தடவினேன்.
"லேட்டாயிட்டேன்மா, மன்னிச்சிரும்மா."
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அன்றிரவு அந்த ஒரு சொல்லும் வரவில்லை.
எட்டுக்கு டியூட்டி ஏறிய நானும்
அதுவரை எழுந்து போகவில்லை என்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஒன்பதாம் இரவு, மூன்று ஐம்பது.
கிலோ.
பசியில் அது இழுபடும்,
குளிரில் இரண்டு முறை வரும்.
இது அடியிலிருந்து வந்தது,
கடைசி எழுத்தை வெட்டிக்கொண்டு.
செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினேன்.
தோளில் கை, இடக்கால் ஊன்றி, ஒரு திருப்பம், உட்கார்.
குழாயைத் திறக்கவில்லை.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களை எண்ணினேன்.
ஏழாவது மரத்தில் சத்தம் கேட்டது.
அது நீண்டது.
அல்லிராணி தூக்கத்தில் "அப்பாடா" என்றாள்.

வெளிச்சத்தில் ஜக்கைப் பிடித்துக் கோடு பார்த்தேன்.
வயிறு தொட்டேன், மெத்தென்று இருந்தது.
அவளும் ஜக்கைத்தான் பார்த்தாள்.
"கிலோ?"
கேள்வியாக அதை அன்றுதான் கேட்டேன்.
"முந்நூத்தி இருபதும்மா.
கழிவு எதுவும் போடல, முழுசா எழுதுறேன்."
முகத்தின் இடப்பாதி மட்டும்
மேலே ஏறியது.

கை கழுவினேன். நானும் போய்வந்தேன்.

ஆறு மணிக்குப் பார்க்கையில் நனைத்திருந்தாள்.
அதையும் எழுதினேன்.