கொக்கிக்குப் பின்னால்

பின்னால் பார்ப்பது என் வேலை.
வெண்டல் பார்ப்பது ரோட்டை, காற்றை, பெட்ரோல் முள்ளை.
எனக்கென்று ஒரு குட்டிக் கண்ணாடி
கைப்பிடியோரம் பொருத்தியிருக்கிறார்.
அதில் ட்ரெய்லரின் நீல மூடி, சின்னதாய் இரண்டு சக்கரம்,
அப்புறம் நாங்கள் தாண்டிவந்த நார்த் டக்கோட்டா முழுவதும்.

கிளம்பும் முன் ட்ரெய்லரின் நாக்கைத் தூக்கிக்
குளியலறை எடைமெஷினில் வைத்தார்.
போன வாரம் நான் ஏறி நின்று
முகம் சுளித்து இறங்கிய அதே மெஷின்.
"முப்பத்தெட்டு பவுண்டு. கச்சிதம்" என்றார்.
என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

பாரம் அச்சுக்கு முன்னால் கூட வேண்டுமாம்.
பின்னால் கூடினால் வால் ஆடும்,
வால் ஆடினால் ட்ரைக்கையே ஆட்டிவைக்கும்.
ஆகவே இரும்பு வாணலி முன்பக்கம்,
கம்பளியும் தலையணையும் பின்பக்கம்,
நாலு தட்டு, துண்டில் சுற்றி,
அச்சுக்கு நேர் மேலே.
எல்லாம் ஹாவரில் இருக்கும் ஆண்டர்ஸுக்கு.
நாற்பத்தொரு வயதில் எங்கள் மகன்
புதுக்குடித்தனம் போகிறான்,
இம்முறை ஒற்றை ஆளாக.

வில்லிஸ்டன் தாண்டியதும் எண்ணெய் லாரிகள்.
ஒவ்வொன்றும் முதலில் தள்ளிற்று, பிறகு இழுத்தது.
நீல மூடி ஒரு பக்கம் சாய்ந்து,
யோசித்து,
மறுபக்கம் போயிற்று.
தோளில் தட்டினேன்: ஆடுகிறது.
அவர் பிரேக்கைத் தொடவில்லை.
ஆக்ஸிலேட்டரை மட்டும் மெல்லத் தளர்த்தினார்.
பேச்சு முற்றும்போது எழுந்துபோய்
தண்ணீர் குடிப்பாரே, அதேபோல்.
முப்பத்தாறு வருடம் எனக்கு எரிச்சலூட்டிய பழக்கம்
அறுபது மைல் வேகத்தில்
எங்களை ரோட்டிலேயே வைத்திருந்தது.

மால்ட்டாவில் பெட்ரோல் போடும்போது
சக்கரக் குடத்தில் புறங்கை வைத்துப் பார்த்தார்.
வலது சுகம். இடதுக்குக் காய்ச்சல்.
எதிர் கொட்டகையிலிருந்து லைல் அஸ்யூர்
கிரீஸ் துப்பாக்கியோடு வந்து மண்டியிட்டார்.
"உள்ளே என்ன?"
"தட்டு, வாணலி."
"கல்யாணமா?"
"இல்லை. அதற்கு மறுபக்கம்."
அவர் ஒன்றும் சொல்லாமல்
இன்னும் ஒரு அமுக்கு கிரீஸ் ஏற்றினார்.
பணம் வாங்க மறுத்துவிட்டார்.

ஆண்டர்ஸுக்கு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
துண்டைப் பிரித்து, "ரெண்டு போதும்மா" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"சரி, நாலும் இருக்கட்டும்."
இடையில் என்ன யோசித்தான் என்று நான் கேட்கவில்லை.
வாணலியை அடுப்பில் வைத்து
கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்,
சின்னப்பிள்ளைகள் ஓடும் வீட்டில் திருப்புவார்களே, அப்படி.

திரும்பும்போதுதான் தெரிந்தது,
வெற்று ட்ரெய்லர் பாரவண்டியைவிடப் பொல்லாதது.
ரோட்டின் ஒவ்வொரு ஒட்டுக்கும் எகிறி விழுந்தது.
என் கண்ணாடியில்
மூடி, வானம், மூடி, வானம்.
இருவரும் பேசவில்லை. பேசினாலும் கேட்டிருக்காது.

"எதையாவது ஏற்றுங்கள்" என்றார் அஸ்யூர்.
மைத்துனன் வயலில் விளைந்த பச்சை மசூர்ப்பருப்பு,
ஐம்பது பவுண்டு மூட்டை இரண்டு.
கிரீஸுக்கு வாங்காத பணத்தைப்
பருப்புக்கு எண்ணி வாங்கிக்கொண்டார்.

மைனாட் வரை ட்ரெய்லர் வாயைத் திறக்கவில்லை.

இப்போது வெளியே முழங்கால் அளவு பனி.
செவ்வாய் பருப்பு சூப், வெள்ளியும் அதுவே.
ஞாயிறு போனில் ஆண்டர்ஸ் கேட்டான்,
"இன்னும் எவ்வளவு மிச்சம்?"
ஒரு மூட்டை இருக்கும் என்றேன்.
குளியலறையிலிருந்து குரல் வந்தது,
எடைமெஷின் கிரீச்சிட்டு அடங்கியபின்:
"நாற்பத்தேழு."