பதினாறாம் கேள்வி

தூத்தூரில் கரண்ட் போய்விட்டது.
செல்போன் வெளிச்சத்தில்
உதவித்தொகை விண்ணப்பம்:
குடும்பத்தில் முதன்முதலாக
வெளிநாடு செல்பவர் நீங்களா?

ஆம். இல்லை.
டெல்பினாவின் விரல் நடுவில் நிற்கிறது.

அப்பா சீஷெல்ஸ் சிறையில்
நாற்பத்தாறு நாள் இருந்ததை
எந்தக் கட்டத்தில் வைப்பது?
பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை,
ஐஸுக்குள் ஆறு டன் சுறா.

"ஆமான்னு போடு மக்களே,
நான் எங்க போனேன்,
நீவாடுல்லா கொண்டு போச்சு"
என்கிறார் சிலுவைப்பிச்சை,
தூண்டில் முள்ளில் துருவைச் சுரண்டியபடி.

ஆம்.

அடுத்தது, படிக்க விரும்பும் பாடம்.
கடல் சட்டம்.
பேட்டரி நாலு சதவீதம்.

"அதுக்கு எவ்வளவு காலமாவும்?"
ரெண்டு வருசம் என்றாள்.

முள்ளைக் கீழே வைத்துவிட்டு
அதை நாளாக்கிப் பார்க்கிறார்,
விரல் மடக்கி.