கொம்பில்லாத ஒன்று

பிகோ வெலெட்டாவில் பிப்ரவரி.
பனிச்சறுக்குக்காரர்கள் விளக்கணைத்துப் போய்விட்டார்கள்.
முப்பது மீட்டர்க் கிண்ணத்தில் பனி ஒட்டாதபடி
சூடேற்றிவிட்டு
நானும் ஃபுவென்சாந்தாவும்
சிம்மத்தில் ஒரு கிழட்டு நட்சத்திரத்தைப் பார்க்கிறோம்.
பார்க்கிறோம் என்பது சும்மா ஒரு பேச்சு.
திரையில் ஒரு கோடு நடுங்குகிறது, அவ்வளவுதான்.

தன் கரியிலேயே தன்னை மூடிக்கொண்ட நட்சத்திரம்.
விடுகிற மூச்சோடு உடம்பும் போகிறது.

அந்த மூச்சில் முந்திக்கொள்வது ஆக்சிஜன்.
ஆளுக்கொரு கார்பனைக் கைப்பிடித்துக்கொண்டு
ஒதுங்கிவிடும்.
அப்புறம் யார் கதவைத் தட்டினாலும் திறக்காது.

கதையே மிஞ்சிய கார்பனுடையதுதான்.
இரண்டிரண்டாய்ச் சேர்ந்து
இரு நுனியிலும் ஹைட்ரஜனைச் செருகி
அசிட்டிலீன்:
கிரனாடாவில் என் மாமன் வெல்டிங் பட்டறையில்
சிலிண்டரில் அடைத்து வைத்திருந்த அதே சரக்கு.
சிலது சிலிக்கனோடு ஒட்டித் தூசாகும்.
சிலது வெகுதூரம் போகும்,
அயல் நட்சத்திரங்களின் வெளிச்சம் வந்து
நுனியை நறுக்குகிற தூரம்.
நறுக்குப்பட்டது பட்டுப்போவதில்லை.
வெட்டிய இடத்தில் இன்னொன்றைப் பிடிக்கிறது.
நான்கு கார்பன், ஆறு, எட்டு,
எந்தக் குடுவையிலும் நிற்காத
ஒல்லி ஒல்லியான சங்கிலிகள்.

பாதி நம்மை நோக்கி வருகிறது, பாதி விலகிப் போகிறது.
அதனால் திரையில் ஒவ்வொரு கோட்டுக்கும்
இரண்டு முனை.
"எல்லாருக்கும் கொம்பு முளைச்சிருக்கு பார்"
என்றாள் ஃபுவென்சாந்தா.

மூன்று மணிக்கு ஒரு மேடு எழுந்தது.
குட்டி. கொம்பில்லை.
வெளியே போகாமல்
நட்சத்திரத்தின் காலடியிலேயே சுற்றுகிற ஏதோ.
பட்டியலைப் புரட்டினாள்.
மறுபடி புரட்டினாள்.
சோடியம். குளோரின்.

"உப்பு."

அந்நேரம் வாசலில் தடதடவென்று சத்தம்.
நான்கு மலையாடுகள்,
வளைந்த கொம்பெல்லாம் பனி,
வழுக்காமலிருக்க எவுலோகியோ படியில் தூவியதை
நக்கிக்கொண்டிருந்தன.
விரட்டப் போனவன்
துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.
ஓர் ஆடு நிமிர்ந்து பார்த்தது,
நாக்கை உள்ளே இழுக்காமல்.

உள்ளே வந்தால்
இன்னும் ஆறு மணி நேரம் வேண்டும் என்று
எழுதிக்கொண்டிருக்கிறாள்.
அந்த மேடு தப்பாகவும் இருக்கலாம்,
யாரும் இன்னும் நம்ப வேண்டாம்.

எவுலோகியோ சூப் கொண்டுவந்தான். சப்பென்றிருந்தது.
"மூட்டை காலி, எல்லாம் படியில" என்றான்.

அவள் தலை நிமிராமல்
திரையைக் காட்டினாள்.