பாசிட்டிவ்

இரவு பதினொன்று நாற்பதுக்கு போன்.
"ஒரு கிட்னி வந்திருக்கு. உங்களுக்குப் பொருந்துது.
ஆனா..."
டாக்டர் பெலிசித்தே 'ஆனா' சொல்வதென்றால்
பேனாவை மூடிவிட்டுத்தான் சொல்வார்.
போனிலும் அந்தச் சத்தம் கேட்டது.

இருபத்தாறு வயசு. பைக். மூளை நின்றுவிட்டது.
(கிருமாம்பாக்கம் வளைவு, லாரி என்று
வார்டில் பேசிக்கொண்டதைப் பிறகு கேட்டேன்.)
மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில்
பாசிட்டிவ். இருமல்கூட இல்லையாம்.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
தம்பி கலிவரதனை அதுதான்
பையில் போட்டு ஜிப்பை இழுத்தது.
முகத்தை மட்டும் காட்டுங்கள் என்றேன்
கோரிமேட்டில், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று.
கவச உடைக்குள் இருந்தவர் தலையை ஆட்டினார்.
ஆமாமா, இல்லையா,
புரிவதற்குள் வண்டி போய்விட்டது.

"கிருமி குடியிருக்கறது மூச்சுல.
கிட்னி வழியா யாருக்கும் தொத்தினதா
நான் படிச்ச வரைக்கும் இல்ல.
இன்னும் கொஞ்ச வருஷம் போனாத்தான்
தெரியறது ஏதாவது இருக்கலாம்.
அதையும் சொல்லிடணும்."
வேண்டாமென்றால்?
"பட்டியல்ல உங்க இடம் அப்படியே இருக்கும்."

அப்படியே.
நாலு வருஷமாக அப்படியேதான் இருக்கிறது.
வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம்,
இடது கையில் வண்டு புகுந்ததுபோல் இரையும் நரம்பு.
நாளொன்றுக்கு எண்ணூறு மில்லி,
ரசம், மோர், மாத்திரைக்கு ஒரு மடக்கு எல்லாம் சேர்த்து.
குருசுக்குப்பத்தில் வீடு. ஜன்னலைத் திறந்தால் கடல்.
ஒரு ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு
அவ்வளவு தண்ணீரைப் பார்த்திருப்பேன்.
ஏழாம் கட்டில் தனகோடிக்கும்
இடம் அப்படியேதான் இருந்தது.
ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை.

கையெழுத்தில் இனிஷியல் விட்டுப்போய்
தாளைத் திரும்ப வாங்கிப் போட்டேன்.

மூன்றாம் நாள்
கட்டிலோரம் தொங்கிய பையில்
மஞ்சளாய் ஒரு கோடு ஏறியது. இன்னொரு கோடு.
நர்ஸ் குனிந்து பார்த்து
பால் கணக்குப்போல் எழுதிக்கொண்டாள்.
என் மூக்கிலும் குச்சி விட்டார்கள்.
இல்லை என்று வந்தது.
எட்டாம் நாளும் இல்லை.

பெயர் சொல்ல மாட்டார்கள், தெரியும்.
அவன் வீட்டாருக்கு முகத்தைக் காட்டினீர்களா
என்று மட்டும் கேட்டேன்.
டாக்டர் பேனாவை மூடவில்லை.
"அவங்கம்மா ரொம்ப நேரம் இருந்தாங்க."

பிறகு தண்ணீர் கேட்டேன்.
எவ்வளவு வேணும்கா என்றாள் நர்ஸ்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.