ஆணித் துளை

கச்சான் ஐந்து நாளாக ஓயவில்லை.
மணல் ஏறித் தார்ரோடு மறைந்துபோனதில்
அரிச்சல்முனைக்கு வண்டி எதையும் விடவில்லை போலீஸ்.
என் பிழைப்பு அங்கேதான்.
புது மாப்பிள்ளை கையை நீட்டினால்
சூரியன் உள்ளங்கையில் வந்து உட்காரும்படி
அவனை ஒரு எட்டு தள்ளி நிறுத்துவேன்.
உடனே பிரிண்ட், நூறு ரூபாய்.
பதினாலு வருசமாய்
எவர் எவர் தோளுக்குப் பின்னாலோ
அதே கடலை நிற்க வைத்திருக்கிறேன்.

முதல் நாள் தூங்கினேன்.
இரண்டாம் நாள் பார்த்தால்
லென்ஸுக்குள் பூஞ்சை,
சிலந்தி கால் நீட்டிப் படுத்த மாதிரி.
அரிசி டப்பாவில் புதைத்து வைத்தேன்.
உலைக்கு அரிசி அள்ளப் போன செலஸ்டினா
கேமராவை அள்ளிக்கொண்டு வந்து
ஒன்றும் சொல்லாமல்
என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள், சும்மா இருக்க முடியவில்லை.
எலுமிச்சம்பழத்தைக் கண்ணாடித் தம்ளரில் போட்டு
எவனோ யூடியூபில் எடுத்திருந்தான், என்னவோ போல இருந்தது.
நானும் எடுத்தேன்.
எலுமிச்சம்பழம் போலவே இருந்தது.
உப்பு பூத்து உதிர்ந்த சுவரை எடுத்தேன்.
பெரிதாக்கினால் சுவர்.
கொடியில் அவளுடைய ரப்பர் கையுறை இரண்டு,
நண்டுக் கம்பெனிக்குப் போட்டுப் போவது,
காற்று உள்ளே புகுந்து பத்து விரலும் விறைத்து
போகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஆடிக்கொண்டிருந்தன.
அது ஒன்று பரவாயில்லை.

நேற்றுப் பகலில் கரண்ட் போனது.
மணலுக்குப் பயந்து ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தோம்.
ராத்திரி முழுக்க நண்டு உடைத்துவிட்டு வந்தவள்
பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள்.
தகரக் கதவில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று,
போன மழையிலிருந்து
அடை அடை என்று அவள் சொல்லும் ஓட்டை.
அது வழியாக வெளிச்சம் வந்து
எதிர்ச்சுவரில் என்னவோ அசைந்தது.
முதலில் கரப்பான் என்று நினைத்தேன்.

ரெமிஜியுஸ் வீட்டுத் தென்னை.
வேர் மேலே, ஓலை கீழே,
காற்றுக்குத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.
கரையேற்றிய அவர் நீல வள்ளம்
கவிழ்ந்து கூரையோரம் மிதக்க,
வானம் வழிந்து
செலஸ்டினாவின் இடுப்பு வரை நிறைந்திருந்தது.
தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிப் போனார்,
பல்லி மாதிரி, தலைகீழாக,
அவள் முழங்கால் மேல் ஏறி இறங்கி.

இத்தனை வருசமும்
பகல் முழுக்க இந்த வீடு படம் பிடித்திருக்கிறது.
நான்தான் கதவைத் திறந்து போட்டு
வெளியே போய்க்கொண்டிருந்தேன்.

முக்காலியில் கேமராவை வைத்து,
கீழே தீப்பெட்டி ஒன்று முட்டுக் கொடுத்து,
முப்பது வினாடி திறந்து விட்டேன்.
இருபதாவதில் புரண்டாள்.
இருபத்தைந்தில் விழித்து
"என்ன பண்றீக?" என்றாள்.

காட்டினேன்.
உற்றுப் பார்த்தாள்.
"வள்ளம் தெரியுது. பாய் தெரியுது.
எம் மூஞ்சி எங்க?"
அசைந்துவிட்டாய், அது புகை மாதிரி விழுந்திருக்கிறது என்றேன்.
"அப்ப நூறு ரூவா தர முடியாது" என்று
முடியை முடிந்துகொண்டு எழுந்து
கையுறையை எடுக்கக் கொல்லைக்குப் போகாமல்
வாசல் வழியாகச் சுற்றிப் போனாள்.

அவள் தாண்டியதும் கதவைச் சாத்தினேன்.
சுவரில் வந்தாள்:
கூரையில் கால் பாவி,
தலைக்குக் கீழே வெயில் தளும்ப,
சேலைத் தலைப்பு மேலே தொங்க.
நடுவில் நின்று திரும்பினாள்.
"கதவை எதுக்குச் சாத்துறீக?"

ஆணி வாங்கி வைத்திருக்கிறேன்.
அலமாரியில்தான் இருக்கிறது.