ஞாயிறு மட்டும் திறக்கும்

களியக்காவிளையில் மூன்றாம் மாடி.
படுக்கையறை பத்தடிக்கு ஒன்பது.
டேப்பைப் பிடித்தது மெர்லின், வாசித்தது நான்.
ஐந்தடிக் கட்டிலை நடுவே போட்டால்
இருபுறமும் இரண்டடி மிஞ்சும்.
இழுப்பறையோ இரண்டடி வெளியே வரும்.
"இழுத்த பிறகு நான் எங்கே நிற்க?" என்றாள்.
இழுப்பறை அத்தோடு முடிந்தது.

பாறசாலைக் கடையில் பிஜுலால்
மூடியை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினார்.
பிஸ்டன் மெல்ல மூச்சு விட்டது.
உள்ளே ஒரு குட்டி அறை,
அட்வான்ஸ் கேட்காத அறை.
"டிரீட் பண்ணின ரப்பர் மரம் சாரே, பூச்சி தொடாது."
பகலெல்லாம் புகைக்கூடத்தில்
ரப்பர் ஷீட் உலர்த்துகிறவனிடம் சொல்கிறார்.
அறுத்துப் பலகையாக்கின பின்னும்
அந்த மரத்துக்கு மழை ஞாபகம் இருக்கும்.
பக்கத்தில் தூள் பலகை, பாதி விலை.
மெர்லின் அதன் விளிம்பை நகத்தால் சுரண்டினாள்,
லேபில் சாம்பிள் பார்க்கிற அதே முகம்.
"இது ரெண்டு எடவப்பாதி தாங்காது."

கடைசியில் ஆஞ்சிலிச் சட்டம், மரைன் பிளைவுட் வயிறு,
பதினெட்டுத் தவணை.
படித் திருப்பத்தில் தலைப்பலகை சிக்கி
கீழ்வீட்டு ஸ்டெல்லஸ் கடை திறக்கப் போக முடியாமல்
படியிலேயே உட்கார்ந்து
பேப்பர் முழுக்க வாசித்து முடித்தார்.

உள்ளே போனவை:
கம்பளி இரண்டு, குழம்புப் பானை,
கொடுக்காமல் விட்ட நாற்பத்திரண்டு கல்யாணக் கார்டு,
அவளுடைய பாசிப்பச்சைப் பட்டு.

கட்டிலுக்கும் லீவு வேண்டும் என்று
யாரும் சொல்லவில்லை.
இரவு எட்டுக்கு அவள் ஆஸ்பத்திரிக்கு.
அவள் விட்ட சூட்டில் நான் படுப்பேன்.
காலை ஏழுக்கு நான் இறங்க,
படியில் எதிரே வருவாள்.
"பால் காய்ச்சியிருக்கு."
"சாவி?"
"கதவுலயே."
மெத்தை ஆறவே இல்லை,
இரண்டு ஆள் வேர்வையை
மாறி மாறிக் குடித்தது.
தலையணையில் அவள் போட்ட குழி
என் தலைக்குப் பொருந்தாது.

மழையின் மூன்றாம் வாரம்
பட்டில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி.
நான் பூசணம் என்றேன்.
போனில் பிஜுலால் பூப்பல் என்றார்.
மெர்லின் வாயில் நுழையாத பெயர் ஒன்று சொல்லி
ஊரும் கேட்காமல் துடைத்தாள்.

ஆசாரி ஸ்ரீகண்டன் வந்து
கட்டிலுக்குப் பக்கத்துக்கு நாலு மூக்கு குத்தினார்.
"தலைமாடு வெளிச்சுவரில் முட்டக்கூடாது, சுவர் வேர்க்கும்."
நாலு விரல் தள்ளிப் போட்டோம்.
லேபிலிருந்து அவள் கொண்டுவந்தாள்
தின்னாதே என்று அச்சடித்த உப்புப் பொட்டலங்கள்.
புகைக்கூடத்திலிருந்து நான்,
பழைய சாக்ஸில் கட்டின அடுப்புக்கரி.
வினிகர் நாற்றத்தில் ஒரு வாரம்
ஊறுகாய்ப் பரணிக்குள் தூங்கினது போல.

இரண்டாம் வருஷம் பிஸ்டன் தளர்ந்தது.
ஒற்றை விரல் என்ன, ஒற்றை ஆளுக்கும் அடங்கவில்லை.
ஒருவர் தூக்க, ஒருவர் கம்பு முட்டுக்கொடுக்க வேண்டும்.
இருவரும் வீட்டில் நிற்பது ஞாயிறு ஒன்றுதான்.
ஆகவே ஞாயிறு மட்டும் திறக்கும்.
"ஒண்ணு, ரெண்டு" என்பாள்.
மூன்று சொல்லமாட்டாள், அதற்குள் தூக்கிவிடவேண்டும்.

நாலு மணி நேரம் ஃபேனுக்கடியில் ஆறவேண்டும்.
நைட் முடித்து வந்தவளுக்குத் தூக்கம் நிற்காது.
பாயை விரித்தாள், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே.
"நீங்களும் படுங்க."
இழுப்பறைக்குப் போதாத இரண்டடியில்
ஒருக்களித்துப் படுத்தோம்.
முழங்கை சுவரில் இடித்தது.
வெளியே திருவனந்தபுரம் பஸ்
வெள்ளத்தைக் கிழித்துப் போனது.
மேலே வாய் பிளந்த கட்டில்,
கரியும் பட்டும் வாசம்.

அலாரம் அடித்தது.
மூடலாமா என்றேன்.
கண் திறக்காமல், "உள்ளே இன்னும் ஈரமிருக்கும்" என்றாள்.
எட்டிப் பட்டைத் தொட்டுப் பார்த்தேன்.
நன்றாகக் காய்ந்திருந்தது.
"ஆமா," என்றேன்,
"ஈரந்தான்."